ஒரு கை கற்றது மறுகைக்கும் சேரும். அதற்காக இடக்கைப் பிள்ளையின் கையை மாற்ற வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கடிதத்தில், இடக்கையால் எழுதத் தொடங்கும் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் வயதிலேயே வலக்கைக்குப் பழக்கிவிடுவது நல்லது என்றும், ஒரு கை கற்றுக்கொண்டது மற்றக் கைக்கும் தானாகவே போய்ச் சேரும் என்பதை அறிவியல் நிறுவிவிட்டதால் இந்த மாற்றத்தால் குழந்தைக்கு இழப்பு எதுவும் இல்லை என்றும் ஓர் அன்பர் எழுதியிருந்தார். எலும்பு முறிவுக்கும் பக்கவாதத்துக்கும் ஆளானவர்களின் கைகளோடு பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற இயன்முறை மருத்துவன் என்ற முறையில், அவர் எடுத்துக்காட்டிய செய்தி உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவுக்கு அந்தச் செய்தியில் இடமே இல்லை. கைவிட்டுக் கை மாறும் இந்தப் பயிற்சி உண்மையில் பயன்பட வேண்டிய இடம் மாவுக்கட்டு போடும் அறை. அங்கே அதைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை, ஒன்றாம் வகுப்பில்தான் நினைக்கிறார்கள் என்பதே என் குறை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்ற உளவியலாளரும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தியோடேட் ஸ்மித், எமிலி பிரவுன் என்ற இரு பெண்களும் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளிலிருந்துதான் இந்தத் துறையின் கதையைத் தொடங்குவது வழக்கம். சிறு துளை ஒன்றின் விளிம்பில் படாமல் ஊசியை உள்ளே செலுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. முதலில் இடக்கையால் முயன்றபோது நூற்றுக்கு 50 முறை வெற்றி கிடைத்தது. அதன் பிறகு நாளொன்றுக்கு 200 முறை வீதம் வலக்கை மட்டுமே பழகியது; இடக்கை சும்மா இருந்தது. பத்தாம் நாள் இடக்கையிடம் மறுபடியும் ஊசியைக் கொடுத்துப் பார்த்தபோது அதன் வெற்றி நூற்றுக்கு 76 ஆக உயர்ந்திருந்தது. ரப்பர்க் குமிழை அழுத்திப் பிடிவலிமையை அளந்த இன்னொரு சோதனையிலும், பயிற்சியே பெறாத கை வலுக் கூடியிருந்தது. ஒரே ஒருவரை வைத்துச் செய்யப்பட்ட இத்தகைய சோதனைகளை இன்று யாரும் முடிந்த முடிபாகக் கொள்ள மாட்டார்கள். எனினும் பல்வேறு நாடுகளில் அதன் பின் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரு பக்கத்துக் கைக்கோ காலுக்கோ மட்டும் வலிமைப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்தின் வலிமையும் சராசரியாக 12 சதவீதத்தை ஒட்டி உயர்கிறது என்று காட்டியது. பெரிய உயர்வு என்று சொல்ல முடியாது. ஆனால் அசையவே விடாத ஒரு கைக்கு இலவசமாகக் கிடைக்கும் 12 சதவீதம் எத்தகையது என்பது கட்டுப் பிரித்த கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் அந்த அன்பரின் தவறு இங்கிருந்துதான் கிளைக்கிறது. பயிற்சி பெறாத கையின் தசை பருப்பதில்லை. மாற்றம் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது. மூளையின் இடப்பக்கத்திலிருந்து கிளம்பும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தில் பக்கம் மாறி உடலின் வலப்பக்கத்துக்குப் போகின்றன என்பதும், வலப்பக்கத்தவை இடப்பக்கத்துக்குப் போகின்றன என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வருபவை. ஆனால் மூளையின் இரு பாதிகளும் தனித்தனித் தீவுகளாக இல்லை. அவற்றைக் கோடிக்கணக்கான நரம்பிழைகள் கொண்ட ஒரு பட்டை இணைத்திருக்கிறது. வலக்கை முழு மூச்சோடு ஒரு பளுவை இழுக்கும்போது இடப்பாதி மட்டும் வேலை செய்வதில்லை, வலப்பாதியின் இயக்கப் பகுதியும் கிளர்ச்சியடைகிறது. அந்தக் கிளர்ச்சி பலமுறை திரும்பத் திரும்ப நேரும்போது, அசையாமல் கிடக்கும் கைக்கு ஆணையிடும் பகுதியும் ஓரளவு பழகிக்கொள்கிறது. வலிமையைப் பொறுத்த வரை இவ்வளவுதான் செய்தி. நுட்பமான கைவேலையைப் பொறுத்த வரை இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கடந்து போவது எது, போகாமல் நின்றுவிடுவது எது?

இதற்கு நான் அறிந்தவற்றுள் தெளிவான விடை, மார்க் ரைபர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977இல் காட்டிய ஐந்து கையெழுத்து வரிகள். ஒரே ஆங்கில வாக்கியத்தை வலக்கையாலும், மணிக்கட்டை அசையாமல் கட்டிய வலக்கையாலும், இடக்கையாலும், பற்களுக்கிடையே பேனாவைக் கவ்வியும், காலில் பேனாவைப் பொருத்தியும் அவர் எழுதினார். ஐந்து வரிகளும் ஒருவருடைய கையெழுத்துதான் என்று பார்த்தவுடன் தெரிகிறது. எழுத்தின் வடிவமும் வளைவுகளின் வரிசையும் விரல்களில் இல்லை, அவற்றுக்கு மேலான ஓரிடத்தில் இருக்கின்றன என்பது இதனால் விளங்குகிறது. அதே வேளையில், காலாலும் பல்லாலும் எழுதிய வரிகள் தள்ளாடுகின்றன என்பதும் அதே தாளில் தெரிகிறது. வரைபடம் எல்லா உறுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது; அதை நடுக்கமின்றி நிறைவேற்றும் திறன் போய்ச் சேரவில்லை. அதை ஒவ்வோர் உறுப்பும் தானே பாடுபட்டுத்தான் அடைய வேண்டும்.

தமிழ் எழுதத் தெரிந்த எவரும் இதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். வலக்கைக்காரர் ஒருவர் இடக்கையில் பேனாவைப் பிடித்து 'ண' என்ற எழுத்தை எழுதட்டும். எத்தனை சுழி, எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே எழாது. ஆனால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கோடு நெளியும். கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால், இடக்கை பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்தை எழுத முனையும். ஏனெனில் ஒரு கையின் இயக்கம் மறுகைக்கு மிக எளிதாகக் கடப்பது, அதே தசைகள் அதே வரிசையில் இயங்கும் கண்ணாடி வடிவத்தில்தான்.

மேலும், இரு கைகளுக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து இரு திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. கையைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குறியை நோக்கி நேராகக் கை நீட்டப் பழகும் சோதனை ஒன்று 2003இல் வெளியானது. அதில் வலக்கைக்காரர்கள் வலக்கையால் கற்றது இடக்கைக்குக் கடந்தது. இடக்கையால் கற்றது வலக்கைக்குக் கடக்கவில்லை. வேறு வகைச் சோதனைகளில் சில கூறுகள் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன. எந்தத் திறன், அதில் எந்தக் கூறு, எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்பதைப் பொறுத்து விடை மாறும் ஒரு விஷயத்தை, 'ஒரு கைக்குத் தெரிந்தால் மறுகைக்கும் தெரியும்' என்று ஒரே வரியில் அடக்கிவிட முடியாது.

இப்போது அந்த அன்பரின் ஐந்து வயதுக் குழந்தைக்கு வருவோம். கற்ற பிறகுதான் கடத்த முடியும். அகரத்தின் வளைவைக்கூட இன்னும் மனத்தில் பதித்துக்கொள்ளாத குழந்தையிடம் ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கடத்துவதற்கு என்ன இருக்கிறது? எழுத்தின் வடிவத்தையும் விரலின் கட்டுப்பாட்டையும் அது ஒரே நேரத்தில் சேர்த்துக் கற்கும் வயது அது. அந்த வயதில் கையை மாற்றுவதென்றால், இரண்டில் இயல்பாகவே தடுமாறும் கையைக் கொண்டு அத்தனையையும் முதலிலிருந்து கற்கச் சொல்கிறோம் என்று பொருள். அன்பர் சான்றாகக் காட்டிய அறிவியல், வளர்ந்த வலக்கைக்காரர் ஒருவர் விபத்தில் கையை இழந்தால் அவருக்கு நம்பிக்கை தரும். குழந்தையின் கையை மாற்றுவதற்கு நியாயம் தராது.

வளர்ந்தவர்களுக்கான அந்த நம்பிக்கைக்குச் சான்று வேண்டுமானால் ஹங்கேரியின் துப்பாக்கி சுடும் வீரர் கரோலி டாக்காச் இருக்கிறார். 1938இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்தது அவர் சுடும் வலக்கை. இடக்கையால் பழகிக்கொண்டு 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். குறி பார்க்கும் அறிவும் பொறுமையும் போட்டி நேரத்து நிதானமும் அவரிடம் முன்பே இருந்தன. பழக்க வேண்டியிருந்தது கையை மட்டுமே. அதற்கே ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்பட்டது.

எந்தக் கை முந்தும் என்பது குழந்தை எழுதத் தொடங்கும்போது முடிவாவதில்லை. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பரும் அவருடைய குழுவினரும் கருவிலிருக்கும் குழந்தைகள் எந்தக் கைக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்று ஸ்கேனில் பார்த்து வைத்து, பிற்பாடு பத்துப் பன்னிரண்டு வயதில் அதே குழந்தைகளைத் தேடிப் பார்த்தார்கள். வலக்கை விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாகவே வளர்ந்திருந்தார்கள். இடக்கை விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் இரட்டையர் ஆய்வுகளின்படி அந்தப் பங்கு கால் பாகம் அளவே. எனவே 'எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லையே' என்று பெற்றோர் திகைக்கத் தேவையில்லை. உலகெங்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, இடக்கைக்காரர்கள் 10.6 சதவீதம் என்கிறது. நாற்பது பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரையும் திருத்தப்பட வேண்டியவர்களாகக் கருதும் ஆசிரியர், நாள்தோறும் எத்தனை நேரத்தை வீணாக்குவார் என்று எண்ணிப் பாருங்கள்.

கையை மாற்றினால் உள்ளே இருப்பது மாறிவிடுகிறதா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பள்ளிப் பருவத்தில் கட்டாயப்படுத்தி வலக்கையால் எழுதப் பழக்கப்பட்டு, பல்லாண்டுகளாக அப்படியே எழுதிவந்த இடக்கைக்காரர்களை மூளைப் படக் கருவிக்குள் எழுதவைத்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பேனா வலக்கையில்தான் இருந்தது. ஆனால் பிறவி வலக்கைக்காரர்களிடம் காணப்படாத அளவுக்கு மூளையின் வலப்பாதிப் பகுதிகள் கூடவே இயங்கிக்கொண்டிருந்தன. எத்தனையோ ஆண்டுப் பழக்கமும் அடித்தளத்தை அழித்துவிடவில்லை.

எதிர்த்தரப்பின் மிகைகளையும் நான் ஏற்கவில்லை. இடக்கையைத் தடுத்தால் குழந்தைக்குத் திக்குவாய் வரும் என்ற கருத்து 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவின் ஐயோவாவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இடக்கைக்காரர்கள் எல்லாம் 'வலது மூளைக்காரர்கள்', எனவே கலைஞர்கள் என்று சொல்வதும் அப்படித்தான்: இடக்கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடப்பாதியில்தான் அமைந்திருக்கிறது. பயமுறுத்தியோ புகழ்ந்தோ அந்தப் பிள்ளைகளுக்கு இடம் வாங்கித்தர வேண்டிய அவசியம் இல்லை. பேனாவைப் பிடிக்க விட்டால் போதும்.

நம் வீடுகளில் உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது என்பதை அறிவேன். 'சோத்துக்கையால் வாங்கு', 'பீச்சாங்கையால் கொடுக்காதே' என்று ஒரு நாளில் பலமுறை கேட்டு வளரும் குழந்தைகள் நம்முடையவை. வலக்கையால் உண்பதும் பிரசாதம் வாங்குவதும் நம் வழக்கம். அவற்றை இடக்கைக் குழந்தைக்கு அடிக்காமல், ஏசாமல் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. சோற்றைப் பிசைந்து எடுத்து வாயில் வைப்பது, வரிகளுக்குள் நெருக்கி எழுதும் அளவுக்கு நுட்பம் கேட்கும் வேலை அல்ல. வலக்கையால் உண்டு இடக்கையால் எழுதும் பலரை நம் ஊர்களில் பார்க்கலாம். விஜயதசமியன்று அரிசியில் வலக்கை விரலைப் பிடித்து 'அ' எழுதவைப்பதும் அன்றோடு முடிந்துவிடும் சடங்குதான். மறுநாள் முதல் குழந்தை எந்தக் கையில் பலப்பம் பிடிக்கிறதோ அந்தக் கையிலேயே விட்டுவிடுங்கள் என்பதே நான் கேட்பது.

மரபு இதற்கு இடம் கொடுக்காது என்பவர்களுக்குக் கர்நாடக இசை மேடையை நினைவூட்டுவேன். மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், அவையை நோக்கியிருக்கும் என்பது வழக்கமான அமைப்பு. இடக்கைக்காரரான பழநி சுப்பிரமணிய பிள்ளை வாசிக்க வேண்டுமானால் அந்த அமைப்பையே மாற்றி, வயலின்காரருக்கு வேறிடம் பார்க்க வேண்டும். அவருடைய கையை மாற்றாமல் மேடையை மாற்றியவர்கள் இருந்ததால்தான் மிருதங்கத்துக்கு ஒரு பழநி பாணி கிடைத்தது.

வகுப்பறையில் மாற்ற வேண்டியவை அதைவிடச் சிறியவை. தமிழை இடமிருந்து வலமாக எழுதுவதால் இடக்கைக் குழந்தையின் கை தான் எழுதியதை மறைத்துக்கொண்டும் மையைத் தேய்த்துக்கொண்டும் நகர்கிறது. அதைத் தவிர்க்கவே சில பிள்ளைகள் மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து எழுதுகிறார்கள். நோட்டை உடலின் நடுவுக்குச் சற்று இடப்புறமாக வைத்து, அதன் இடப்பக்க மேல்மூலை உயரும்படி சாய்த்து, பென்சிலை முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கச் சொன்னால் கை வரிக்குக் கீழே இருந்துகொள்ளும்; எழுதியது கண்ணுக்கும் தெரியும். பெஞ்சின் இடக்கோடியில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதல் இருக்காது. சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் விரல்களின் அழுத்தம் அலகுகளை ஒன்றுசேர்ப்பதற்குப் பதில் விலக்கிவிடுகிறது என்பதையும், தாள் கிழிவது குழந்தையின் மந்தத்தால் அல்ல என்பதையும் ஆசிரியர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் எழுதுபலகையை வலப்புறம் மட்டும் பொருத்திய நாற்காலிகளை வாங்கிப் போடுபவர்களிடம் சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? வாங்கும்போது சிலவற்றையாவது மாற்றிக் கேளுங்கள்.

அன்பர் தம் கடிதத்தின் இறுதியில் இரு கைகளாலும் எழுதப் பழக்கும் வகுப்புகளைப் பாராட்டியிருந்ததால் அதையும் தொட்டுச் செல்கிறேன். இரு கைகளையும் சமமாகப் பழக்கினால் மூளையின் இரு பாதிகளும் இரட்டிப்பாக வேலை செய்யும் என்ற எண்ணம் இன்றைய கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தில் ஜான் ஜாக்சன் என்பவர் 1905இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். சாரணர் இயக்கத்தின் பேடன்-பவல் அதற்கு முன்னுரை வழங்கினார். ஒரு கை கடிதம் எழுத, மறுகை பியானோ வாசிக்கும் காலம் வரும் என்றெல்லாம் அதில் எதிர்பார்ப்பு இருந்தது. ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன் என்ற மருத்துவர் சில ஆண்டுகளுக்குள்ளேயே இதை வெளிப்படையாக மறுத்துப் பேசினார், இயக்கமும் அடங்கிப்போனது. இப்போது மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியின் பிள்ளைகள் இரு கைகளாலும் எழுதுவதைச் செய்திகளில் காட்டுகிறார்கள். பயிற்சி செய்தால் இன்னொரு கையும் எழுதும் என்பதற்கு அது சான்று. அதற்கு மேல் அதில் எதையும் படிக்க என்னால் முடியவில்லை. இரு கைகளையும் கலந்து பயன்படுத்துவதே ஒரு மேன்மை என்பவர்கள், வட ஃபின்லாந்தில் ஏறத்தாழ 8,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வையும் பார்க்கலாம்: எந்தக் கை என்று பிரிக்க முடியாத பிள்ளைகளுக்கு எட்டு வயதளவில் மொழியிலும் படிப்பிலும் இடர்ப்பாடுகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டன. இயல்பாக அப்படி அமைந்த பிள்ளைகள் அவர்கள். எனவே இரு கைகளாலும் எழுதப் பழக்கும் வகுப்புகள் தீங்கு செய்யும் என்று இதைக் கொண்டு சொல்ல மாட்டேன். பணம் கட்டிச் சேர்த்துவிடும் அளவுக்கு அதில் நன்மை இல்லை என்று மட்டும் சொல்வேன்.

வலக்கைக்காரரான கங்குலி இடக்கை ஆட்டக்காரராக ஆடவில்லையா, இடக்கையால் எழுதும் டெண்டுல்கர் வலக்கை ஆட்டக்காரராக ஆடவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. மட்டையை இரு கைகளாலும் பிடிக்கிறோம். கங்குலியின் நிலையில் மட்டைப் பிடியின் மேற்பகுதியைப் பிடித்து அதை வழிநடத்துவது வலக்கைதான். தொழில்முறை ஆட்டக்காரர்களில் இப்படி வலுவான கையை மேலே வைத்து ஆடுபவர்கள், முறையான பயிற்சி இல்லாதவர்களைக் காட்டிலும் ஏழு மடங்கு அதிகம் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இந்த எடுத்துக்காட்டு, வலுவான கையை ஒதுக்கி வைப்பதற்கு ஆதரவாகாது, நேர்மாறாகத்தான் பேசுகிறது.

இனி, இந்த அறிவு உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற வயதுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்த பெண்கள் குளியலறையிலோ வாசற்படியிலோ வழுக்கி, கையை ஊன்றி விழும்போது முறிவது பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டிய ஆர எலும்பு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோ, நம் மக்கள் இன்றும் நாடிப் போகும் புத்தூர்க் கட்டோ, கை வாரக்கணக்கில் அசைவின்றி இருக்கும். கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும், ஆனால் கை சூம்பியிருக்கும். பால் பாத்திரத்தைத் தூக்க முடியாது, ஈரத்துணியைப் பிழிய முடியாது, கதவுத் தாழ்ப்பாளைத் திருப்ப முடியாது. அதுவரை அவர்களிடம் நாம் சொன்னதெல்லாம் 'கையை அசைக்காதீர்கள், ஓய்வெடுங்கள்' என்பதுதான். உடையாத கையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கனடாவின் சஸ்காச்சவான் பல்கலைக்கழகத்தினர் இதை மாற்றிப் பார்த்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த, மணிக்கட்டு முறிந்த பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் முறிந்த கைக்கு வழக்கமான சிகிச்சையே. ஒரு குழுவினர் மட்டும் கூடுதலாக, முறியாத கையின் பிடிக்கு வலிமைப் பயிற்சி செய்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, முறிவு ஏற்பட்ட 12ஆம் வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் முறிந்த கைப்பிடி சராசரியாக 17.3 கிலோ; செய்யாதவர்களுடையது 11.8 கிலோ. மணிக்கட்டின் அசைவும் அப்போது பயிற்சி செய்தவர்களுக்கே கூடுதலாக இருந்தது. 26ஆம் வாரத்தில் இரு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஆனால் மூன்றாம் மாதத்திலேயே தன் சமையலறையைத் தானே கவனித்துக்கொள்ள முடிவதற்கும், அதற்காக இன்னும் சில மாதங்கள் பிறர் கையை எதிர்பார்த்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெண்மணிக்குச் சிறிதல்ல. இதற்குச் செலவு என்று பார்த்தால் ஒரு ரப்பர்ப் பந்து.

பக்கவாதத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. கணுக்காலை மேல்நோக்கித் தூக்க முடியாதவர்களுக்கு நல்ல காலில் மட்டும் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தபோது, பாதிக்கப்பட்ட காலும் வலுப் பெற்றதை 2013இல் வெளியான ஒரு கனடா ஆய்வு காட்டியது. தமிழ் மண்ணில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். நல்ல கையின் பிம்பத்தை மறுகையாகக் காட்டும் அந்த முறை இன்று பக்கவாதச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று நோயாளியின் வீட்டார் எண்ணிவிட்டால், வாதம் தாக்கிய கை மேலும் ஒதுங்கிவிடும். பயன்படுத்தாமலே இருந்து பயன்படுத்தாமைக்குப் பழகிவிடும் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட பெரிய சோதனையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பாதிக்கப்பட்ட கையையே இரண்டு வாரங்கள் வேலை வாங்கியதில்தான் பலன் கிடைத்தது. விரல்களை ஓரளவாவது அசைக்க முடிந்தவர்களுக்கு அந்த வழியே முதன்மையானது. கையை அசைக்கவே முடியாத காலத்துக்கும் எலும்பு முறிவுக்கும்தான் மறுகைப் பயிற்சி.

ஆகையால் அரசு மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவுகளுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டுடன் ஒரு தாளைக் கொடுங்கள். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், தோளையும் முழங்கையையும் இறுகவிடக் கூடாது என்று இப்போது வாயால் சொல்வதை அதில் எழுதுவதோடு, முறியாத கையால் பந்தையோ பிடிக்கருவியையோ வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் பத்துப் பத்து முறையாகச் சில சுற்றுகள், இறுதி இரண்டு அழுத்தங்கள் கடினமாகத் தோன்றும் அளவுக்கு அழுத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். பேச்சுவாக்கில் மென்மையாக அழுத்திக்கொண்டிருந்தால் மறுகைக்கு எதுவும் போகாது என்பதால் கடைசிக் குறிப்பு முக்கியமானது. அழுத்தும்போது மூச்சை அடக்கக் கூடாது என்பதும், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பதும் தடித்த எழுத்தில் இருக்கட்டும். இடக்கைக்காரருக்கு முறிந்தது எந்தக் கை, அவர் வேலை செய்வது எந்தக் கையால் என்று கேட்டுப் பதிவு செய்யவும் அதே தாளில் ஒரு கட்டம் ஒதுக்கலாம்; எங்கள் சீட்டுகளில் அந்தக் கேள்வி பெரும்பாலும் இருந்ததில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
தஞ்சாவூர்.